ஆலிஸ் லிடெல்

ஆலிஸ் பிளெசன்ஸ் லிடெல் (மே 4, 1852 - நவம்பர் 16, 1934) இங்கிலாந்தைச் சேர்ந்தவர். லூயிஸ் கரோல் எழுதிய "ஆலிஸின் அற்புத உலகம்" என்ற சிறுவர் நூலின் தலைமைக் கதைமாந்தரான ஆலிஸ் உருவாகத் தூண்டுதலாக இருந்தவர் இவரே. திருமணத்திற்குப் பின் ஆலிஸ் ஹார்கிரீவ்ஸ் என அறியப்பட்டார். இவர் எழுத்தாளர் அல்லர். எனினும் பத்து வயதில் தான் கேட்ட கதையை எழுதித் தருமாறு இவர் விடாது வற்புறுத்தியிராவிட்டால் அந்த நூல் தோன்றியிருக்காது. வாய்மொழியாகச் சொல்லப்பட்ட கரோலின் வேறு பல கதைகள் சொன்ன அன்றே மறைந்துபோயின.

பிறப்பும் குடும்பமும்

ஆலிஸ் இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் பிறந்தார். தந்தை ஹென்றி லிடெல் அப்பொழுது வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தார். ராபர்ட் ஸ்காட் என்பவருடன் இணைந்து இவர் தொகுத்து 1843 இல் வெளியிட்ட கிரேக்க-ஆங்கில அகராதி, திருத்தப்பட்ட பதிப்புகளாக இன்றும் கிரேக்கம் பயில்வோரால் பயன்படுத்தப்படுகின்றது. தாயின் பெயர் லோரினா. பத்துப் பிள்ளைகளில் ஆலிஸ் நான்காமவர். இவரது அண்ணன்மாருள் ஒருவரான ஆர்தர், ஆலிஸ் குழந்தையாக இருந்தபோதே 1853 இல் செங்காய்ச்சலால் இறந்தார்.

1855 இல் ஹென்றி லிடெல் ஆக்ஸ்போர்டு கிரைஸ்ட் சர்ச் கல்லூரியின் தலைவராக (டீன்) நியமிக்கப்பட்டார். 1856 இல் குடும்பம் ஆக்ஸ்போர்டில் குடியேறியது. கல்லூரியும் பேராலயமும் ஒரே வளாகத்தில் அமைந்திருந்ததால், டீனின் வீட்டுத் தோட்டம் கல்லூரி ஆசிரியர்களின் பார்வையில் படும்படியாக இருந்தது. தமக்கை லோரினா, தங்கை ஈடித் ஆகியோருடன் ஆலிஸ் வளர்ந்தது இத்தோட்டத்தில்தான்.

லூயிஸ் கரோலுடன் அறிமுகம்

லூயிஸ் கரோல் என்பது சார்லஸ் லுட்விட்ஜ் டாட்ஜ்சன் என்பவரின் புனைபெயர். இவர் அதே கல்லூரியில் கணித விரிவுரையாளராகப் பணியாற்றியவர். ஏப்ரல் 25, 1856 அன்று பேராலயத்தைப் புகைப்படம் எடுப்பதற்காக டீனின் தோட்டத்திற்கு வந்தபோது லிடெல் சிறுமியரைச் சந்தித்தார். ஆலிசுக்கு அப்போது நான்கு வயதும் நிரம்பவில்லை. அண்ணன் ஹாரியுடன் தொடங்கிய நட்பு பின்னர் மூன்று சகோதரிகளுடன் தொடர்ந்தது.

அக்காலப் புகைப்படக்கலை இன்றுபோல் எளிதானதன்று. கண்ணாடித் தகட்டில் வேதிப்பொருளைப் பூசி, அது உலரும் முன்னரே படம் எடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். படத்தில் இருப்பவர் பல நொடிகள் அசையாதிருக்க வேண்டும். சிறுமியரை அசையாமல் இருக்கச் செய்வதற்குக் கதையே கருவியாயிற்று. கதை சொல்லிக்கொண்டே படம் வரைந்து காட்டுவதும் கரோலின் வழக்கம். 1858 இல் ஆலிஸைப் பிச்சைக்காரச் சிறுமி வேடத்தில் அவர் எடுத்த படம் இன்று பெரிதும் அறியப்பட்ட ஒன்றாகும்.

படகுப் பயணம்

சூலை 4, 1862 அன்று கரோலும் அவரது நண்பர் ராபின்சன் டக்வொர்த்தும் மூன்று சகோதரிகளைப் படகில் அழைத்துச் சென்றனர். லோரினாவுக்கு வயது 13, ஆலிசுக்கு 10, ஈடித்துக்கு 8. ஆக்ஸ்போர்டின் ஃபாலி பாலத்தருகே புறப்பட்டுத் தேம்சு ஆற்றில் மேல்நோக்கிச் சென்று கோட்ஸ்டோ என்ற சிற்றூரில் இறங்கித் தேநீர் அருந்தினர். வழியில் கதை கேட்டுச் சிறுமியர் நச்சரிக்கவே, முயலைத் தொடர்ந்து வளைக்குள் விழும் ஆலிஸ் என்ற சிறுமியின் கதையைக் கரோல் அவ்வப்போது கற்பனை செய்து சொல்லலானார்.

அந்நாள் வெயில் பளிச்சிட்ட நாள் என்றே கரோல், டக்வொர்த், ஆலிஸ் ஆகிய மூவரும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். ஆனால் வானிலைப் பதிவேடுகளைப் பார்த்த பிற்கால ஆய்வாளர்கள், அன்று ஆக்ஸ்போர்டுப் பகுதியில் குளிர்ந்த, மழையுடன் கூடிய வானிலையே இருந்ததாகக் கூறினர். இது குறித்து நீண்ட விவாதங்கள் நடந்துள்ளன. மூவரும் ஒரே மாதிரியாகத் தவறாக நினைவில் கொண்டிருந்தார்களெனில், வானிலையைவிட அக்கதை அவர்கள் மனதில் அதிகமாகப் பதிந்திருந்தது என்றே கொள்ள வேண்டும்.

வீடு திரும்பியதும் கதையை எழுதித் தருமாறு ஆலிஸ் கேட்டார். மறுநாள் இலண்டனுக்குச் செல்லும் தொடர்வண்டியில் கரோல் கதையின் தலைப்புகளைக் குறித்துக்கொண்டார். ஆயினும் முழுப் படியையும் கையால் எழுதி, 37 படங்களைத் தாமே வரைந்து முடிக்க அவருக்கு இரண்டாண்டுகளுக்கும் மேலாயிற்று. "நிலத்தடியில் ஆலிஸின் சாகசங்கள்" எனப் பெயரிடப்பட்ட அக்கையெழுத்துப் படி நவம்பர் 26, 1864 அன்று ஆலிசுக்கு அளிக்கப்பட்டது.

நூலில் ஆலிஸ்

நண்பர்கள், குறிப்பாக எழுத்தாளர் ஜார்ஜ் மெக்டொனால்டின் குடும்பத்தினர், தூண்டியதன் பேரில் கதையை ஏறத்தாழ இருமடங்காக விரித்து கரோல் நூலாக்கினார். சிரிக்கும் செசயர் பூனையும் பித்தர்களின் தேநீர் விருந்தும் அப்போது சேர்க்கப்பட்டவை. படகில் ஆலிஸ் கேட்ட கதையில் அவை இல்லை. படங்களை ஜான் டெனியல் வரைந்தார். படகுப் பயணத்தின் மூன்றாம் ஆண்டு நிறைவான சூலை 4, 1865 அன்று ஒரு படி ஆலிசுக்கு அனுப்பப்பட்டது. படங்கள் அச்சான விதத்தில் டெனியல் நிறைவடையாததால் அம்முதல் அச்சு (2000 படிகள்) திரும்பப் பெறப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் நூல் மீண்டும் வெளியிடப்பட்டது.

நாம் அறிந்த நூற்படங்களில் உள்ள ஆலிஸ் நீண்ட, வெளிர்நிறக் கூந்தல் உடையவர். உண்மையான ஆலிஸோ நெற்றியில் நேராக வெட்டிவிடப்பட்ட குட்டையான கருங்கூந்தல் கொண்டவர். டெனியல் லிடெல் சிறுமியைப் பார்த்து வரையவில்லை. ஆகவே முகத்தோற்றத்தை வைத்துப் பார்த்தால் இருவரும் வெவ்வேறு ஆட்களே.

ஆனால் நூலின் உள்ளே இவரது குடும்பம் பல இடங்களில் ஒளிந்திருக்கின்றது. கண்ணீர்க் குளத்தில் நீந்தும் பறவைகளுள் லோரி கிளி லோரினா, கழுகுக் குஞ்சு ஈடித், வாத்து டக்வொர்த், டோடோ பறவை டாட்ஜ்சன். தேநீர் விருந்தில் தூங்குமூஞ்சி எலி சொல்லும் கதையில் கிணற்றின் அடியில் வாழும் மூன்று சகோதரிகளும் இவர்களே: லோரினா சார்லட் என்ற பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஒலித்தால் எல்சி, ஆலிஸ் என்பதன் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றினால் லேசி, மற்றொரு பெயரான டில்லி, ஈடித்தின் செல்லப் பெயரின் சுருக்கம். 1871 இறுதியில் வெளிவந்த இரண்டாம் நூலான "கண்ணாடியின் ஊடே" 21 அடிகள் கொண்ட ஒரு பாடலுடன் முடிகின்றது. அவ்வடிகளின் முதலெழுத்துகளை மேலிருந்து கீழாகப் படித்தால் ஆலிஸின் முழுப்பெயர் கிடைக்கும். மொழிபெயர்ப்பில் இத்தகைய சொல்விளையாட்டுகள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன.

முறிவு

இரண்டாம் நூல் வெளிவருவதற்கு நெடுநாள் முன்னரே கரோலுக்கும் லிடெல் குடும்பத்தினருக்கும் இடையிலான நெருக்கம் முடிவுக்கு வந்திருந்தது. 1863 சூன் இறுதியில் அது திடீரென முறிந்தது. சில மாதங்களுக்குப் பின் பழக்கம் ஓரளவு மீண்டும் தொடங்கியபோதிலும் பழைய நிலை திரும்பவில்லை. இம்முறிவு நிகழ்ந்த நாட்களுக்குரிய பக்கம் கரோலின் நாட்குறிப்பிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டுள்ளது.

இந்த வெற்றிடத்தை நிரப்பப் பல ஊகங்கள் முன்வைக்கப்பட்டன. பதினொரு வயது ஆலிஸை எதிர்காலத்தில் மணக்க விரும்புவதாகக் கரோல் தெரிவித்திருக்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. 1996 இல் கரோலின் குடும்ப ஆவணங்களிடையே ஒரு சிறு குறிப்புச் சீட்டை ஆய்வாளர் கரோலின் லீச் கண்டெடுத்தார். அதன்படி, கரோல் குழந்தைகளைச் சாக்காக வைத்து அவர்களின் வீட்டு ஆசிரியையை நாடுவதாகவும், "ஐனா" என்பவரை நாடுவதாகவும் ஊரில் எழுந்த பேச்சைப் பற்றி டீனின் மனைவி அவரிடம் கூறியுள்ளார். ஐனா என்பது தமக்கை லோரினாவின் செல்லப் பெயர். இச்சீட்டு குடும்பத்தினரால் பின்னர் எழுதப்பட்டதாகையால் இதுவும் முடிவான சான்று ஆகாது.

கரோல் சிறுமியரைப் புகைப்படம் எடுத்ததையும் அவர்களுடன் கொண்டிருந்த நட்பையும் இன்றைய ஆய்வாளர்கள் ஐயத்துடன் நோக்குவதுண்டு. அக்கால வழக்கங்களைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்போரும் உளர். இவ்விவாதங்கள் பெரும்பாலும் கரோலின் மனதைப் பற்றியனவாகவே அமைகின்றன. ஆலிஸின் தரப்பு மிகக் குறைவாகவே பதிவாகியுள்ளது. சிறுவயதில் கரோல் தனக்கு எழுதிய கடிதங்கள் அனைத்தையும் தாய் கிழித்துவிட்டதாக முதுமையில் அவர் தெரிவித்தார்.

1870 இல் கரோல் ஆலிஸைக் கடைசியாகப் புகைப்படம் எடுத்தார். அப்போது 18 வயதான ஆலிஸ் அப்படத்தில் நாற்காலியில் சாய்ந்து, புன்னகையின்றிக் காணப்படுகிறார்.

இளமைக்காலம்

ஆலிஸ் ஓவியத்தில் திறமை உடையவர். கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் அவருக்கு ஓவியம் கற்பித்தார். 1872 இல் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் சூலியா மார்கரெட் கேமரன், உவைட் தீவில் ஆலிஸைப் பல படங்கள் எடுத்தார். கல்கத்தாவில் பிறந்த கேமரன் பின்னர் இலங்கையில் குடியேறி 1879 இல் அங்கேயே காலமானவர் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

விக்டோரியா அரசியின் இளைய மகன் இளவரசர் லியோபோல்ட் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியில் பயின்ற காலத்தில் ஆலிசும் அவரும் காதலித்தனர் என்றொரு செய்தி உண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை. 1876 இல் தங்கை ஈடித் திடீரென இறந்தபோது அவரது சவப்பெட்டியைச் சுமந்தவர்களுள் இளவரசரும் ஒருவர். பிற்காலத்தில் ஆலிஸ் தம் இரண்டாம் மகனுக்கு லியோபோல்ட் எனப் பெயரிட்டார். இளவரசர் அம்மகனுக்கு ஞானத்தந்தையானார். இளவரசரின் மகளுக்கு ஆலிஸ் என்று பெயர். ஆயினும் இளவரசரின் தமக்கையின் பெயரும் ஆலிஸ் என்பதை மறந்துவிடக்கூடாது.

திருமண வாழ்க்கை

செப்டெம்பர் 15, 1880 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் ரெஜினால்ட் ஹார்கிரீவ்சை ஆலிஸ் மணந்தார். ஹாம்ப்சயர் அணிக்காகத் துடுப்பாட்டம் ஆடியவர் இவர். இருவரும் ஹாம்ப்சயரில் லின்ட்ஹர்ஸ்ட் என்னும் ஊரருகே கஃப்னெல்ஸ் என்ற பெரிய மாளிகையில் வாழ்ந்தனர். ஆலன், லியோபோல்ட், கேரில் என மூன்று மகன்கள் பிறந்தனர். கேரில் என்ற பெயர் கரோலை நினைத்து வைக்கப்பட்டதன்று என்றே ஆலிஸ் கூறிவந்தார்.

1885 இல் கரோல், தாம் அளித்த கையெழுத்துப் படியை அச்சிடுவதற்காகக் கடனாகக் கேட்டு ஆலிசுக்குக் கடிதம் எழுதினார். ஆலிஸ் இசைந்தார். அப்படியே அச்செடுக்கப்பட்ட நகல் 1886 இல் வெளிவந்தது. 1891 இல் ஆலிஸ் அவரைக் கடைசியாகச் சந்தித்தார். 1898 சனவரி 14 இல் கரோலும், நான்கு நாட்களுக்குப் பின் ஆலிஸின் தந்தையும் காலமாயினர்.

முதல் உலகப் போர் இக்குடும்பத்தைச் சிதைத்தது. மூத்த மகன் ஆலன் 1915 இலும், லியோபோல்ட் 1916 இலும் பிரான்சில் போர்க்களத்தில் இறந்தனர். கணவர் 1926 இல் காலமானார். கஃப்னெல்ஸ் மாளிகையைப் பேணும் செலவைத் தாங்க இயலாத நிலையில், 64 ஆண்டுகள் தம்மிடம் இருந்த கையெழுத்துப் படியை விற்க ஆலிஸ் முடிவு செய்தார். ஏப்ரல் 3, 1928 அன்று சோதபி நிறுவனத்தில் நடந்த ஏலத்தில் அது 15,400 பவுண்டுக்கு விலைபோனது. வாங்கியவர் அமெரிக்க நூல் வணிகர் ரோசன்பாக். அவரிடமிருந்து விக்டர் ஒலிப்பதிவு நிறுவனத்தைத் தொடங்கிய எல்ட்ரிட்ஜ் ஜான்சன் அதனைப் பெற்றார்.

முதுமையில் புகழ்

அதுவரை ஆலிஸ் பெரும்பாலும் திருமதி ஹார்கிரீவ்சாகவே வாழ்ந்திருந்தார். இந்த ஏலமே அவரைச் செய்தித்தாள்கள் மீண்டும் தேடி வரக் காரணமாயிற்று. கரோலின் நூற்றாண்டையொட்டி 1932 இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. மகன் கேரிலுடனும் தங்கை ரோடாவுடனும் கப்பலில் சென்ற ஆலிஸ், தம் 80 ஆவது பிறந்தநாளை அப்பயணத்தின்போது கழித்தார். தாம் விற்ற கையெழுத்துப் படியையும் அங்குக் கண்காட்சியில் மீண்டும் கண்டார். தம் இளமைக்கால நினைவுகளை மகன் வாயிலாக இதழொன்றில் வெளியிட்டதும் இவ்வாண்டிலேயே. நூலின் ஆலிஸாக இருப்பது தமக்குச் சலித்துவிட்டது என்றும், அவ்வாறு சொல்வது நன்றிகெட்ட செயலாகத் தோன்றினும் உண்மை அதுவே என்றும் மகனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டுள்ளார்.

அதே ஆண்டு சூன் மாதம் இலண்டனில் ஒரு புத்தகக் கடையில் நடந்த கரோல் கண்காட்சியில் பீட்டர் லூலின் டேவிஸ் என்பவரை ஆலிஸ் சந்தித்தார். ஜே. எம். பாரியின் பீட்டர் பான் கதைக்குத் தூண்டுதலாக இருந்த சகோதரர்களுள் ஒருவர் இவர். தம் பெயர் கதைமாந்தருடன் பிணைக்கப்பட்டதை வாழ்நாள் முழுதும் வெறுத்தவர். இச்சந்திப்பை அடிப்படையாகக் கொண்டு ஜான் லோகன் எழுதிய நாடகம் 2013 இல் இலண்டனில் அரங்கேறியது. ஆலிஸின் நியூயார்க் பயணத்தை வைத்து "ட்ரீம்சைல்ட்" என்ற திரைப்படம் 1985 இல் வெளிவந்தது.

மறைவு

ஆலிஸ் நவம்பர் 16, 1934 இல் கென்ட் மாவட்டத்தின் வெஸ்டர்ஹாமில் காலமானார். உடல் எரியூட்டப்பட்டு, சாம்பல் லின்ட்ஹர்ஸ்டில் உள்ள தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அங்குள்ள கல்லில் அவர் பெயர் திருமதி ரெஜினால்ட் ஹார்கிரீவ்ஸ் என்றே பொறிக்கப்பட்டுள்ளது.

கையெழுத்துப் படி

ஜான்சன் இறந்த பின் அமெரிக்க நூல் ஆர்வலர்கள் பணம் திரட்டிக் கையெழுத்துப் படியை விலைக்கு வாங்கினர். அமெரிக்கா போருக்கு ஆயத்தமாகும் முன் இட்லரை எதிர்த்து நின்றமைக்கு நன்றியாக, 1948 இல் அது பிரித்தானிய மக்களுக்கு அளிக்கப்பட்டது. தற்போது இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அதன் கடைசிப் பக்கத்தில் ஏழு வயது ஆலிஸின் சிறிய புகைப்படம் ஒன்றைக் கரோல் ஒட்டியிருந்தார். அதன் அடியில் அவரே கையால் வரைந்த ஆலிஸின் உருவம் மறைந்திருப்பதை 1977 இல் ஆய்வாளர் மார்ட்டன் கோகன் கண்டறிந்தார். கரோல் உண்மையான ஆலிஸை நேரடியாக வரைந்ததாக அறியப்படும் ஓவியம் அது ஒன்றே.