டார்வின் கடைசி நேரத்தில் மனம் மாறினாரா? பரிணாமமும் பக்தியும் ஒரே வீட்டில் 43 ஆண்டுகள் வாழ்ந்த கதை!

பரிணாமக் கொள்கையைச் சொன்ன சார்லஸ் டார்வின், மரணப் படுக்கையில் தான் எழுதியதை நினைத்து வருந்தினார், பைபிளைக் கையில் எடுத்தார். இப்படி ஒரு தகவலை நீங்களும் எங்கேயாவது படித்திருக்கலாம். இதற்கு நேர் எதிராக, கடவுள் இல்லை என்று டார்வின் நிரூபித்துவிட்டார் எனச் சொல்பவர்களும் உண்டு.

இரண்டுமே உண்மை இல்லை. அப்போ டார்வின் யார் பக்கம்? இந்தக் கேள்விக்கான பதில் அவருடைய புத்தகத்தில் இருப்பதைவிட, அவருடைய வீட்டில்தான் அதிகம் இருக்கிறது. வாங்க, விரிவாகப் பார்க்கலாம்.

பாதிரியார் ஆக வேண்டிய பையன்

1809 பிப்ரவரி 12-ம் தேதி இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தவர் டார்வின். அப்பா ராபர்ட் பெரிய டாக்டர். அம்மா சூசன்னா, டார்வினுக்கு 8 வயதிருக்கும்போதே இறந்துவிட்டார்.

மகனையும் டாக்டராக்க நினைத்த அப்பா, எடின்பரோவுக்குப் படிக்க அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அறுவை சிகிச்சையை நேரில் பார்த்த டார்வினால் தாங்க முடியவில்லை, படிப்பை விட்டுவிட்டார். சரி, பாதிரியாராவது ஆகட்டும் என்று 1828-ல் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். ஆமாம், சர்ச்சில் பிரசங்கம் செய்ய வேண்டியவர்தான் டார்வின்!

அங்கே வில்லியம் பேலி என்ற மதகுருவின் நூல்களை விரும்பிப் படித்தார். கடிகாரம் இருந்தால் அதைச் செய்தவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அதுபோல கண், சிறகு போன்ற நுட்பமான உறுப்புகளையும் படைத்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது பேலியின் வாதம். இளம் டார்வினுக்கு இது முழுக்கச் சரியாகவே தெரிந்தது.

கப்பல் பயணத்தில் என்ன நடந்தது?

1831 டிசம்பர் 27-ல் பீகிள் கப்பல் புறப்பட்டபோது டார்வினுக்கு 22 வயது. ஒழுக்கம் பற்றிய பேச்சு வந்தால் பைபிளை ஆதாரம் காட்டுவார். கப்பல் அதிகாரிகள் சிலர் இதற்காக அவரைக் கிண்டல் செய்ததும் உண்டு.

கிட்டத்தட்ட 5 ஆண்டுகள் நீடித்த பயணம் அது. தென் அமெரிக்காவில் அழிந்துபோன பெரிய விலங்குகளின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார். 1835-ல் கலாபகோஸ் தீவுகளில், தீவுக்குத் தீவு கொஞ்சம் வேறுபட்டிருந்த பறவைகளைப் பார்த்தார். ஒவ்வோர் உயிரினமும் தனித்தனியாகப் படைக்கப்பட்டது என்றால், பக்கத்துப் பக்கத்துத் தீவுகளில் ஏன் இந்தச் சின்னச் சின்ன வித்தியாசம்?

ஊர் திரும்பிய பிறகு விடை மெல்லப் பிடிபட்டது. ஒரே இனத்தில் பிறக்கும் உயிர்களுக்குள் வேறுபாடு இருக்கும். சூழலுக்குப் பொருந்துபவை அதிகம் பிழைத்து, அதிகம் பெருகும். இது தலைமுறை தலைமுறையாக நடந்தால் புதிய இனமே உருவாகலாம். இதுதான் இயற்கைத் தேர்வு. பேலியின் கடிகார வாதம் டார்வினிடம் செல்லாமல் போனது இங்கேதான்.

மாமன் மகளிடம் சொன்ன உண்மை

இந்த நேரத்தில்தான் கல்யாணப் பேச்சு வந்தது. பெண், சொந்தத் தாய்மாமன் மகள் எம்மா வெட்ஜ்வுட். எம்மாவுக்கு ஆழ்ந்த இறை நம்பிக்கை உண்டு. 1832-ல் அக்கா ஃபேனியைப் பறிகொடுத்தவர் அவர். சொர்க்கத்தில் அக்காவை மறுபடியும் பார்ப்போம் என்பதுதான் அவருக்கு இருந்த ஆறுதல்.

மதம் பற்றிய சந்தேகத்தை மனைவியிடம் மறைத்துவிடு என்று அப்பா ஆலோசனை சொன்னார். டார்வின் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே, 1838-ல் எம்மாவிடம் சொல்லிவிட்டார்.

எம்மா கல்யாணத்தை நிறுத்தவில்லை. ஆனால், இந்த விஷயத்தில் இருவருக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்துவிடுமோ என்ற பயத்தைக் கடிதமாக எழுதினார். 1839 ஜனவரி 29-ல் திருமணம் நடந்தது. அதன் பிறகும் ஒரு கடிதம் எழுதினார். எதையும் நிரூபித்த பிறகே நம்பும் ஆராய்ச்சிப் பழக்கம், நிரூபிக்க முடியாத விஷயங்களிலும் கணவரைப் பாதித்துவிடுமோ என்பதுதான் அதில் இருந்த கவலை. இறப்புக்குப் பிறகு இருவரும் பிரிந்துவிடக் கூடாது என்பது அவருடைய தவிப்பு.

1844-ல் தன் கொள்கையை நீண்ட கட்டுரையாக எழுதி முடித்தார் டார்வின். திடீரென்று தான் இறந்துபோனால் அதை வெளியிடும் பொறுப்பை அவர் ஒப்படைத்தது யாரிடம் தெரியுமா? எம்மாவிடம்தான்!

ஆனி போன பிறகு...

இவர்களுக்கு 10 பிள்ளைகள். அதில் 3 பேர் சிறு வயதிலேயே இறந்தார்கள். மூத்த மகள் ஆனி, அப்பாவின் செல்லம். 1851-ல் உடல்நலம் மோசமாக, சிகிச்சைக்காக மால்வெர்ன் என்ற ஊருக்கு அழைத்துப் போனார்கள். நிறைமாதமாக இருந்த எம்மாவால் வீட்டைவிட்டு நகர முடியவில்லை. ஏப்ரல் 23-ல், 10 வயதில் ஆனி இறந்தபோது பக்கத்தில் இருந்தவர் டார்வின்.

அவரிடம் மிச்சமிருந்த கிறிஸ்தவ நம்பிக்கையும் இந்த மரணத்தோடு போய்விட்டது என்று வரலாற்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது என்று டார்வினே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அவரை அதிகம் உலுக்கியது உலகில் இருக்கும் துன்பம். உயிரோடு இருக்கும் புழுவுக்குள் முட்டையிட்டு, குஞ்சுகள் அதை உள்ளிருந்தே தின்னும்படி செய்யும் ஒரு வகைக் குளவி உண்டு. கருணையுள்ள கடவுள் இதைத் திட்டமிட்டுப் படைத்திருப்பாரா என்பது அவருடைய கேள்வி.

புத்தகமும் வந்தது, எதிர்ப்பும் வந்தது

1859 நவம்பர் 24-ல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவரது நூல் வெளியானது. முதல் பதிப்பின் 1,250 பிரதிகளையும் வெளியான உடனேயே புத்தக வியாபாரிகள் வாங்கிக்கொண்டார்கள். ஆக்ஸ்போர்டு பிஷப் வில்பர்ஃபோர்ஸ் உட்படப் பலர் கடுமையாக எதிர்த்தார்கள்.

ஆனால் மதவாதிகள் எல்லோரும் எதிர்த்தார்கள் என்று சொல்ல முடியாது. பாதிரியாரும் எழுத்தாளருமான சார்லஸ் கிங்ஸ்லி நூலை வரவேற்றார். அமெரிக்காவின் ஹார்வர்டு தாவரவியல் பேராசிரியர் ஏசா கிரே தீவிரக் கிறிஸ்தவர். பரிணாமத்துக்கும் இறை நம்பிக்கைக்கும் மோதல் இல்லை என்று அவர் எழுதிய கட்டுரைகளை, இங்கிலாந்தில் தனிப் புத்தகமாக வெளியிட உதவியவர் டார்வின்.

முதல் உயிர் எப்படி வந்தது?

பலர் கவனிக்காத விஷயம் இது. உயிர்கள் எப்படி மாறின என்பதைத்தான் டார்வின் விளக்கினார். முதல் உயிர் எப்படி வந்தது என்பதை அந்த நூல் விளக்கவில்லை. 1860-ல் வந்த இரண்டாம் பதிப்பின் கடைசி வரியில் படைப்பாளர் என்ற சொல்லைச் சேர்த்தார். பொதுமக்கள் கருத்துக்குப் பணிந்துபோய்விட்டோமே என்று பின்னாளில் நண்பரிடம் வருந்தினார்.

1871-ல் இன்னொரு கடிதத்தில், வெதுவெதுப்பான ஒரு சின்னக் குட்டையில் ரசாயனங்கள் சேர்ந்து உயிருக்கான மூலப்பொருள் உருவாகியிருக்கலாமோ என்று யூகித்தார். 1953-ல் ஸ்டான்லி மில்லர் சில வாயுக்களில் மின்பொறி பாய்ச்சி, புரதத்தின் அடிப்படையான அமினோ அமிலங்களை உருவாக்கிக் காட்டினார். ஆனாலும் முதல் உயிர் பற்றிய முழு விடை இன்னும் கிடைக்கவில்லை.

சரி, டார்வின் நாத்திகரா?

இல்லை. 1879-ல் ஒருவர் கேட்டபோது, ஒருவர் கடவுள் நம்பிக்கையாளராகவும் பரிணாமவாதியாகவும் இருக்க முடியும் என்பதில் தனக்குச் சந்தேகமே இல்லை என்று பதில் எழுதினார். அதற்கு கிங்ஸ்லியையும் ஏசா கிரேயையும் உதாரணம் காட்டினார். தான் கடவுளை மறுப்பவர் அல்ல, இதில் முடிவாக எதுவும் தெரியாது என்று சொல்பவர் என்றும் விளக்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எம்மாவும் பிள்ளைகளும் சர்ச்சுக்குள் போவார்கள். டார்வின் வெளியே நடந்துகொண்டிருப்பார். ஆனால் உள்ளூர் பாதிரியார் இன்னெஸ் அவருடைய நெருங்கிய நண்பர். திருச்சபை சார்ந்த உதவிச் சங்கத்தின் கணக்குவழக்கைப் பார்த்துக்கொண்டவரும் டார்வின்தான்.

மரணப் படுக்கையில் நடந்தது என்ன?

1882 ஏப்ரல் 19-ல் இதய நோயால் டார்வின் இறந்தார். மனம் மாறிய கதை வெளியானது 1915-ல், அதாவது 33 ஆண்டுகள் கழித்து! லேடி ஹோப் என்ற மதப் பிரசாரகர் பெயரில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது. அப்பாவின் கடைசி நேரத்தில் உடனிருந்த மகள் ஹென்ரியெட்டா, 1922-ல் இதைத் திட்டவட்டமாக மறுத்தார்.

சர்ச்சுக்குள் போகாத டார்வினை, லண்டனின் புகழ்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில்தான் அடக்கம் செய்தார்கள். நியூட்டனின் கல்லறை அங்கே பக்கத்தில்தான் இருக்கிறது.

அறிவியலும் மத நம்பிக்கையும் சேர்ந்து வாழ முடியுமா? அந்த வீட்டில் வாழ்ந்தன. அதற்காக எம்மா தன் நம்பிக்கையை விடவில்லை, டார்வினும் தன் கொள்கையை விடவில்லை. வலி இல்லாமலும் இல்லை. கல்யாணமான புதிதில் எம்மா எழுதிய அந்தக் கடிதத்தை டார்வின் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். தான் இறந்த பிறகு எம்மாவுக்குத் தெரியட்டும் என்று அதில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். இந்தக் கடிதத்தை எத்தனையோ முறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்பதுதான் அதன் சாரம்.