திருமலை கிருஷ்ணமாச்சாரியார்

திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (நவம்பர் 18, 1888 - பெப்ரவரி 28, 1989) யோகாசிரியரும் வடமொழி, ஆயுர்வேத அறிஞரும் ஆவார். தற்கால யோகத்தின் தந்தை எனப் பலரால் குறிப்பிடப்படுகிறார். உடலின் ஒவ்வோர் அசைவையும் மூச்சோடு இணைத்தமையும், நோயாளியின் நிலைக்கேற்ப யோகத்தைச் சிகிச்சையாக வகுத்தமையும் இவரது முதன்மைப் பங்களிப்புகள். 1952 முதல் இறக்கும்வரை சென்னையில் வாழ்ந்தார்.

இளமை

மைசூர் சமத்தானத்தின் சித்ரதுர்கா பகுதியிலுள்ள முச்சுகுந்தபுரம் என்னும் ஊரில் வைணவக் குடும்பத்தில் பிறந்தார். வைணவ ஆச்சாரியரான நாதமுனிகளின் மரபில் வந்தது இவரது குடும்பம் எனக் கருதப்படுகிறது. பத்து வயதளவில் தந்தையை இழந்த இவர், மைசூர் பரகால மடத்தில் கல்வி பயின்றார். பின்னர் காசியில் வடமொழி சாத்திரங்களைக் கற்றார். பதினாறாம் வயதில் ஆழ்வார்திருநகரிக்குச் சென்றபோது நாதமுனிகளின் யோக ரகசியம் என்னும் நூல் தமக்குக் காட்சியில் அருளப்பட்டது என்றும், கயிலை மலைப் பகுதியில் இராமமோகன பிரம்மச்சாரி என்னும் குருவிடம் ஏழரை ஆண்டுகள் பயின்றதாகவும் இவர் கூறியுள்ளார். இவையிரண்டுக்கும் இவரது கூற்றே ஆதாரம்.

மைசூர் அரண்மனையில்

மன்னர் நான்காம் கிருஷ்ணராச உடையாரின் ஆதரவில் 1933இல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கினார். 1934இல் யோக மகரந்தம் என்னும் நூலைக் கன்னடத்தில் எழுதினார். பி. கே. எஸ். அய்யங்கார், பட்டாபி ஜோயிஸ், லாத்வியாவில் பிறந்த இந்திரா தேவி ஆகியோர் இக்காலத்து மாணவர்கள். யோகத்தின்பால் மக்களை ஈர்க்க ஊர் ஊராகச் செயல்விளக்கங்கள் நடத்தினார். தம் நாடித்துடிப்பை நிறுத்திக் காட்டுவதும் அவற்றுள் ஒன்று.

1935இல் பிரெஞ்சு இதய மருத்துவர் தெரேசு புரோசு இவரைச் சோதித்து, இதயத்தின் மின் அலைகள் மிகவும் சிறுத்துப்போனதைப் பதிவு செய்தார். இதயத்தையே நிறுத்த வல்லவர் என்ற புகழ் இதனால் பரவியது. எனினும் வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகிய ஆய்வாளர்கள் இவர் உள்ளிட்ட சில யோகிகளைப் பின்னர் சோதித்து 1961இல் வெளியிட்ட முடிவு வேறுவிதமானது. இதயம் நிற்கவில்லை. மூச்சை அடக்கி, மார்பு வயிற்றுத் தசைகளை இறுக்கும்போது நெஞ்சினுள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகிறது. அதனால் மணிக்கட்டில் நாடி தென்படாமல் போகிறது. தசைகளின் ஒலியில் இதய ஒலியும் மறைந்துவிடுகிறது. புகழ்பெற்ற அந்தச் செயல்விளக்கத்தைவிட, பிற்காலத்தில் சென்னையில் ஓசையின்றி இவர் செய்த பணியே பலருக்குப் பயன்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

சென்னையில்

1940இல் மன்னர் மறைந்தபின் ஆதரவு குறைந்தது. 1950இல் யோகசாலை மூடப்பட்டது. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டிருந்த சட்ட வல்லுநர் ஒருவருக்குச் சிகிச்சையளிக்க அழைக்கப்பட்டுச் சென்னைக்கு வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். விவேகானந்தா கல்லூரியிலும் பயிற்றுவித்தார். கூட்டமாகக் கற்பிப்பதைவிட ஒருவருக்கு ஒருவர் என்னும் முறை முதன்மை பெற்றது. வருபவரின் நாடி, வயது, தொழில், மூச்சின் போக்கு ஆகியவற்றைப் பார்த்தே பயிற்சியை வகுத்தார்.

மன அழுத்தத்தின்போது உதரவிதானம் குறைவாக அசைய, கழுத்து, தோள் தசைகளின் துணையால் மேல் நெஞ்சில் மட்டும் மூச்சு விரைந்து ஓடும். இவ்வாறு தேவைக்கு மேல் மூச்சு விடுவதால் குருதியில் கரியமில வாயு குறைந்து தலைசுற்றல், விரல் மரத்தல், நெஞ்சிறுக்கம் ஆகியன தோன்றும். அவ்விறுக்கமே அச்சத்தைக் கூட்ட, மூச்சு மேலும் விரையும். காற்றுப் போதவில்லை என்று எண்ணி ஆழ்ந்து ஆழ்ந்து இழுப்பது நிலைமையை மோசமாக்கும். கிருஷ்ணமாச்சாரியார் மரபில் வெளிமூச்சுக்கு முதலிடம் தரப்படுவதன் பயன் இங்கு விளங்கும். கையை உயர்த்தும்போது உள்மூச்சு, தாழ்த்தும்போது வெளிமூச்சு என எளிய அசைவில் தொடங்கி, அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்தவாறு வெளிமூச்சை உள்மூச்சைவிடச் சிறிது சிறிதாக நீட்டுவர். வெளிமூச்சின்போது வேகசு நரம்பின் செயற்பாடு கூடி இதயத்துடிப்பு தணிகிறது என்பது இன்றைய உடலியங்கியல் அறிந்தது. மூச்சை வலிந்து அடக்கும் கும்பகம் இத்தகையோருக்கு ஏற்றதன்று. நெஞ்சிறுக்கம் இதய நோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்பதால், புதிதாகத் தோன்றினாலோ, கை, தாடைக்குப் பரவினாலோ, வியர்வையுடன் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

1960களின் தொடக்கத்தில், பல ஆண்டுகள் தூக்கமின்றித் தவித்த நியூசிலாந்துப் பெண்மணி ஒருவர், மாத்திரையின்றி உறங்கிய மகிழ்ச்சியில் ஆசாரமிக்க இவரைத் தெருவாசலிலேயே கட்டியணைத்துக்கொண்டார். அதைக் கண்டு திகைத்த மகன் தேசிகாச்சார் அப்போதுதான் கட்டடப் பொறியியல் முடித்திருந்தார். தந்தையின் கலை என்னவென்று அன்றே கேட்டறிந்து, கிடைத்த வேலையைத் துறந்து அவரிடம் மாணவரானார். (பொறியியல் படித்து வேறு துறைக்குச் செல்வது தமிழகத்தில் அன்றே தொடங்கிவிட்டது போலும்.) தேசிகாச்சார் 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை நிறுவினார். அவர் 2016இல் காலமானார்.

96ஆம் வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது அறுவைச் சிகிச்சையை மறுத்த கிருஷ்ணமாச்சாரியார், படுக்கையில் இருந்தவாறே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டார். 1989இல் தமது நூறாவது வயதில் சென்னையில் இறந்தார்.