முதல் சீசனில் வெறும் 3 வெற்றி... ஆனாலும் ஜாம்பவான் ஆனது எப்படி? யார் இந்த நூட் ராக்னி?

புது கோச் வந்தா முதல் சீசன்லயே ஜெயிக்கணும். இல்லைன்னா 'ஆளை மாத்துங்க' என்று கிளம்பிவிடுவார்கள். ஆனால் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் இன்றும் கொண்டாடும் நூட் ராக்னியின் முதல் சீசன் கணக்கு என்ன தெரியுமா? 6 மேட்ச், 3 வெற்றி. அவ்ளோதான்!

இந்த ஃபுட்பால் நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், மோதியும் ஆடும் ஆட்டம்.

தபால் வேலை டூ கல்லூரி

1888-ல் நார்வேயின் வோஸ் என்ற ஊரில் பிறந்த ராக்னி, 5 வயதில் சிகாகோ வந்தார். அங்கே தபால் துறையில் வேலை பார்த்து, கல்லூரிக்குப் பணம் சேர்த்தார். இந்தியானா மாநிலத்தின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் சேரும்போது வயது 22.

1913-ல் ராணுவக் கல்லூரி அணியுடன் மேட்ச். பந்தை முன்னோக்கி எறிவது விதிப்படி செல்லும் என்றாலும், பல அணிகள் அதைப் பெரிதாக நம்பாத காலம். கஸ் டோரைஸ் எறிய, ராக்னி ஓடிப் பிடிக்க, நோட்டர் டேம் 35-13 என வென்றது. படிப்பு முடிந்ததும் அங்கேயே வேதியியல் கற்பித்தபடி உதவிப் பயிற்சியாளர் ஆனார்.

போர், ஃப்ளூ, புது கோச்

1918-ல் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு கைக்கு வந்தபோது நேரம் சரியில்லை. முதல் உலகப் போருக்காக வீரர்கள் பலர் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். செப்டம்பர் 28-ல் முதல் மேட்ச்சை 26-6 என வென்ற கையோடு ஸ்பானிஷ் ஃப்ளூ பரவ, அக்டோபர் முழுக்க ஒரு மேட்ச்கூட நடக்கவில்லை.

நவம்பரில் வாபாஷ் அணியை 67-7 என நொறுக்கினார்கள். அடுத்து கடற்படைப் பயிற்சி மையமான கிரேட் லேக்ஸ் அணியுடன் 7-7 டிரா. அது முடிந்த 2-வது நாள் போரும் முடிந்தது. மிச்சிகன் விவசாயக் கல்லூரியிடம் தோல்வி, பர்டூவுடன் வெற்றி, நெப்ராஸ்காவுடன் டிரா. சீசன் முடிந்தது.

காத்திருந்ததற்குக் கிடைத்த பலன்

கணக்கு சுமார்தான். ஆனால் பல்கலைக்கழகம் அவரை மாற்றவில்லை. அந்த அணியில்தான் ஜார்ஜ் கிப் இருந்தார். பின்னாளில் கிரீன் பே பேக்கர்ஸ் அணியைத் தொடங்கிய கர்லி லாம்போவும் இருந்தார்.

போர் ஓய்ந்த 1919-ல் 9-க்கு 9 வெற்றி. 1920-லும் அதேதான். ஆனால் அந்த டிசம்பரிலேயே 25 வயது கிப் தொற்றுநோயால் இறந்துபோனார். தன் சிறந்த வீரரை இழந்த பிறகும் ராக்னி அணியைக் கட்டி எழுப்பினார். 1924, 1929, 1930 சீசன்களிலும் தோல்வியே இல்லை.

1931 மார்ச் 31-ல் கன்சாஸில் நடந்த விமான விபத்தில் ராக்னி உட்பட 8 பேரும் பலியானார்கள். அப்போது அவருக்கு 43 வயது. மர இறக்கை முறிந்ததே காரணம் என்று தெரிய, அமெரிக்காவில் விமானப் பாதுகாப்பு விதிகள் இறுகின.

13 சீசன்களில் 105 வெற்றி, 12 தோல்வி, 5 டிரா. ஃப்ளூ காலத்தில் தட்டுத்தடுமாறி எடுத்த அந்த 3 வெற்றியும் இந்த 105-ல் சேர்த்திதான். அந்த ஒரு சீசனை மட்டும் பார்த்து அனுப்பியிருந்தால், மிச்சம் 102 நடந்தே இருக்காது.