மேடையிலிருந்து திண்ணைக்கு வந்த தமிழ்



ஷேக்ஸ்பியர் எழுதிய நாடகச் சொற்றொடர்கள் இன்றும் ஆங்கிலேயரின் அன்றாடப் பேச்சில் உள்ளன என்று வகுப்பில் படித்தோம். நம்ம தமிழ்ல அப்படி யார் என்று யோசித்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பேரறிஞர் அண்ணாதான். முதலமைச்சர் அண்ணாவை எல்லோருக்கும் தெரியும். நாடக ஆசிரியர் அண்ணாவை நம்மில் பலருக்குத் தெரியாது.

1909 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார் சி.என்.அண்ணாதுரை. சிற்றன்னை இராசாமணி அம்மாள் வளர்த்தார். வீட்டில் வசதி இல்லை. நகராட்சியில் கொஞ்ச காலம் எழுத்தர் வேலை பார்த்துவிட்டுத்தான் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார்.

சந்திரோதயம், வேலைக்காரி, ஓர் இரவு என்று பல நாடகங்கள் எழுதினார். தானே வேஷம் கட்டியும் நடித்தார். வேலைக்காரி 1949-லும், ஓர் இரவு 1951-லும் சினிமாவாக வந்தன. சட்டத்தை இருட்டு அறைக்கும், வக்கீல் வாதத்தை விளக்குக்கும் ஒப்பிட்டு வேலைக்காரியில் அவர் எழுதியது இன்றும் கோர்ட்டு வாசலில் பேச்சாக நிற்கிறது.

அந்தக் காலத்தில் கூட்டத் தலைவரை அக்கிராசனர் என்பார்கள். செயலாளர் என்றால் காரியதரிசி, வணக்கத்துக்கு நமஸ்காரம். நல்ல தமிழ்ச் சொற்களை அண்ணா ஒருவரே உண்டாக்கவில்லை. மறைமலை அடிகள் 1916-லேயே தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிவிட்டார். ஆனா அந்தச் சொற்களை ஊர் ஊராக மேடையேற்றிச் சாதாரண ஜனங்களின் வாயில் பழக்கியதில் அண்ணாவுக்கும் அவர் தோழர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. நம்ம மாணவர் சங்கத்திலேயே பாருங்கள்: தலைவர், செயலாளர், பொருளாளர்!

1967-ல் முதலமைச்சரானார். சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது 1969 ஜனவரி 14-ல். அடுத்த மூன்றே வாரத்தில், பிப்ரவரி 3-ல், அண்ணா மறைந்தார்.

கொல்லிமலை வாசலூர்பட்டியில் இருக்கும் எங்க அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா ஊர்க் கூட்டத்தில் யாராவது சத்தம் போட்டா, கடமை, கண்ணியம், கட்டுப்பாடு வேணும்பா என்பார். அது அண்ணா தந்தது என்று அவருக்குத் தெரியாது. புத்தகம் எட்டாத வீட்டுக்குள்ளும் பேச்சு போயிருக்கிறது.

எங்க குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். என்னைப் போல இங்கே பலர் உண்டு. நண்பர்களே, லேத் எப்படி ஓடுது, மோட்டார் ஏன் சூடாகுது என்பதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நம்ம பெற்றோருக்குப் புரியும் தமிழில் சொல்லிப் பார்ப்போம். அவர்கள் தலையாட்டினால்தான் நாம் படித்தது முழுமையாகும்.

வாழ்க தமிழ்!

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை