படுக்கையிலிருந்தே அமைச்சர்களை அசைத்த நைட்டிங்கேல்

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் ஸ்கூல் புத்தகத்தில் பார்த்த படம்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். இரவு நேரம், கையில் விளக்கு, வரிசையாகக் கட்டில்களில் காயம்பட்ட சிப்பாய்கள். அந்தப் போர்க்கால வேலை முழுசா ரெண்டு வருஷம்கூட இல்லை. அதற்குப் பிறகு 54 ஆண்டுகள் வாழ்ந்தார். அதில் பெரும்பகுதி அவரே ஒரு நோயாளி.

1854இல் 38 பேருடன் துருக்கியின் ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குப் போனார். அடுத்த மே மாதம் கிரிமியாவில் கடும் காய்ச்சல். பிழைத்துவிட்டார், ஆனால் பழைய உடம்பு திரும்பவில்லை. ஊர் திரும்பிய பின் 1857இல் சுருண்டு விழுந்தார். படபடப்பு, தூக்கமின்மை, முதுகுவலி, கொஞ்சம் பேசினாலே அடித்துப்போட்ட மாதிரி களைப்பு. 1860களில் பல ஆண்டுகள் படுத்த படுக்கைதான்.

எல்லாம் மனசுதான் என்று சொன்னவர்கள் உண்டு. 1974இல்கூட ஒரு பிரபல ஆங்கிலேய மருத்துவர் அப்படித்தான் புத்தகம் எழுதினார். 1995இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரையோ, அது புருசெல்லா கிருமியால் வந்த நாள்பட்ட நோய் என்று வாதிட்டது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததே 1887இல்தான். 1857இல் எந்த டாக்டரால் சொல்லியிருக்க முடியும்?

பெண்களுக்கு ஓட்டே இல்லாத காலம். நாடாளுமன்றத்துக்குள் போக முடியாத அவர், அமைச்சர்களை விடாமல் நச்சரித்தார். இந்தியாவில் ராணுவத்தின் சுகாதாரத்தை விசாரிக்க 1859இல் ராயல் கமிஷன் அமைந்தது. இங்கே ஒருமுறைகூட வராதவர், முகாம்களுக்கெல்லாம் கேள்வித்தாள் போகவைத்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது, எத்தனை பேர் சாகிறார்கள்? 1863 அறிக்கையில் பதில் வந்தது: ஆண்டுக்கு ஆயிரம் பிரிட்டிஷ் சிப்பாய்களில் 69 பேர், பெரும்பாலும் நோயால். மறு ஆண்டே பம்பாய், மெட்ராஸ், வங்காள மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் வந்தன. 1873இல் அவர் போட்ட கணக்கில் அந்த 69, 18 ஆகியிருந்தது. முதலில் அவர் கவலைப்பட்டது பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காகத்தான், நம் மக்கள் பக்கம் திரும்பியது பிறகுதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் பிறந்த மே 12, இன்று குரோனிக் ஃபெடீக் சிண்ட்ரோம் எனும் நாள்பட்ட சோர்வு நோய்க்கான விழிப்புணர்வு நாள். அவருக்கு இருந்தது இதுதான் என்று யாரும் அறுதியிட முடியாது. இது நாம் சும்மா சொல்லும் டயர்டு இல்லை. தூங்கினாலும் போகாது. இன்று கொஞ்சம் அலைந்தால் நாளை எழுந்திருக்கவே முடியாது. உறுதிப்படுத்த ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லை. கோவிட் வந்துபோன பலருக்கும் இதே மாதிரி தொந்தரவு இருக்கிறது. 1969லேயே உலக சுகாதார நிறுவனம் நரம்பு மண்டல நோய்களில் சேர்த்துவிட்டது. நம் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் இதன் பெயர் இல்லை. தாராவியில் தையல் மிஷினை விட்டு எழ முடியாதவரும், மாட்டுங்காவில் வேலையை விட்ட ஐடி ஊழியரும் சோம்பேறி என்ற பேச்சைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்றும் மும்பை தென் மத்தி மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. சுகாதார அமைச்சகத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேள்வி கேட்க உங்கள் எம்.பி.க்கு உரிமை உண்டு. இந்த நோயோடு எத்தனை பேர் இருக்கிறார்கள், ஆராய்ச்சிக்கு ஐசிஎம்ஆர் எவ்வளவு ஒதுக்கியது என்று கேட்கச் சொல்லுங்கள். அவருடைய மின்னஞ்சல் முகவரி மக்களவை இணையதளத்திலேயே இருக்கிறது.