கல்லின் காலத்தைப் படித்தவர்: பேராசிரியர் ழுவோ துப்ரேய்

புதுச்சேரி நகரத்தினின்றும் மேற்கே செல்லும் நெடுஞ்சாலை ரெட்டியார்பாளையத்தைக் கடந்து, வில்லியனூர், கண்டமங்கலம் வழியாக விழுப்புரத்தை அடைகின்றது. அங்கிருந்து செஞ்சிச் சாலையில் திரும்பினால் மண்டகப்பட்டும் தளவானூரும் தொலைவில் இல்லை. பாறையைக் குடைந்து கோயில் அமைக்கும் பல்லவர் கலை இயக்கம் தொடங்கிய நிலம் அது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவுமின்றி நான்முகனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் இக்கோயிலை ஆக்குவித்தான் என்னும் செய்தியை மண்டகப்பட்டின் வடமொழிக் கல்வெட்டு அறிவிக்கின்றது. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர். இன்று பள்ளி மாணவரும் அறிந்த இச்செய்திகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்க்கே தெளிவுறாதிருந்தன. பல்லவர் கலையை ஆராய்ந்து, முன்னது இது, பின்னது இது என்று முறைப்படுத்தித் தந்தவருள் முதன்மையானவர், புதுச்சேரியில் இயற்பியல் கற்பித்த ஒரு பிரெஞ்சுக்காரர். கபிரியேல் ழுவோ துப்ரேய் என்பது அவர் பெயர். தமிழ் நூல்களில் அப்பெயர் பலவாறு எழுதப்படும். ஆளுக்கொரு விதமாக அவரை வரவேற்றுக்கொண்டோம் போலும்!

1885இல் சைகோனில் பிறந்த துப்ரேய், 1909ஐ ஒட்டிப் புதுச்சேரிக் காலனிக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். பாரதியார் இங்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அரவிந்தர் 1910இல் வந்தார். அரசியலுக்காக அடைக்கலம் தேடியோர் நிறைந்திருந்த அவ்வூரில், இவர் தேடியது வேறொன்று. வகுப்பறையில் ஒளியையும் விசையையும் விளக்கியவர், விடுமுறை நாட்களில் கோயில் கோயிலாகச் சென்று தூண்களையும் கொடுங்கைகளையும் அளந்து வரைந்துகொண்டிருந்தார். 1911இல் ஆளுநர் மர்த்தினோவின் முயற்சியால் பிரெஞ்சிந்திய வரலாற்றுக் கழகம் தோன்றிய சூழலும் அவருக்குத் துணை நின்றிருக்க வேண்டும்.

தென்னாட்டுக் கட்டடக் கலையைப் பற்றி அவருக்கு முன் எழுதியோர் இல்லாமலில்லை. ஜேம்சு பெர்குசன் 1876இல் வெளியிட்ட பெருநூல் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. இந்தியக் கலை உயரத்தில் தொடங்கிப் படிப்படியாகத் தாழ்ந்தது என்னும் கருத்தை அந்நூல் படிப்போர் மனத்தில் ஊன்றிவிட்டது. அலெக்சாண்டர் ரீ 1909இல் பல்லவக் கட்டடங்களை அழகிய வரைபடங்களுடன் நூலாக்கினார். எனினும், கல்வெட்டில்லாத ஒரு கோயிலின் முன் நின்று இதன் காலம் யாது என வினவினால், விடை கூறுதற்குரிய உறுதியான அளவுகோல் எவரிடத்தும் இல்லை. தலபுராணம் யுகக்கணக்குச் சொல்லும்; ஐரோப்பியர் குத்துமதிப்பாக ஒரு நூற்றாண்டைச் சொல்வர். இவ்விரண்டுக்கும் இடையே துப்ரேய் கண்ட வழி எளியது. முழுக் கட்டடத்தையும் ஒருங்கே நோக்கி வியப்பதை விடுத்து, ஒரு சிறு உறுப்பை எடுத்துக்கொண்டு, காலம் தெரிந்த கோயில்களில் அது எவ்வாறு மாறிச் செல்கிறது என்று வரிசைப்படுத்தினார்.

அவ்வுறுப்புகளுள் தலையாயது போதிகை. தூணின் தலைமேல் அமர்ந்து உத்தரத்தைத் தாங்கும் கைபோன்ற கல் அது. வழிபடச் செல்வோருள் நூற்றில் ஒருவரும் அதனை அண்ணாந்து பார்ப்பதில்லை. பல்லவர் காலத்தில் அது அலை மடிந்ததுபோன்ற சுருள்களுடன், நடுவே ஒரு பட்டையோடு விளங்குகின்றது. சோழர் காலத்தில் சுருள் மறைந்து, சாய்வாக வெட்டப்பட்டு, நடுவில் ஒரு முனை நீள்கின்றது. பிற்காலத்தில் அம்முனை மேலும் வெளியே வந்து மடல் விரிக்கின்றது; விசயநகரத்தார் காலத்தில் தலைகீழ்ப் பூமொட்டாகின்றது; நாயக்கர் காலத்தில் அம்மொட்டுத் தழைத்துத் தொங்கும் வாழைப்பூவை ஒத்துவிடுகின்றது. கொடுங்கையின்மேல் வளைந்து நிற்கும் கூடு என்னும் உறுப்பும் அவ்வாறே. பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டித் தலைபோல் தட்டையாக முடியும். சோழர் கூட்டின் உச்சியில் சிங்கமுகம் தோன்றும். இத்தகைய மாற்றங்களைக் கொண்டு பல்லவர், முற்காலச் சோழர், பிற்காலச் சோழர், விசயநகரம், மதுரை என ஐந்து நிலைகளை அவர் வகுத்தார்.

யாப்புப் பயின்றோர்க்கு இம்முறை புதியதன்று. ஒரு பாட்டின் காலத்தை அதன் பொருளைக் கொண்டு மட்டும் துணிவது கடினம்; மன்னனைப் புகழாத காலம் எது? அகவல் எங்கே தளர்ந்தது, தாழிசையும் துறையும் விருத்தமும் எங்கே தலையெடுத்தன என்று நோக்கினால் காலம் தானே வெளிப்படும். கவிஞன் அறிந்து செய்பவற்றைவிட, பழக்கத்தால் கை செய்துவிடுபவற்றிலேயே காலத்தின் முத்திரை ஆழமாகப் பதிகின்றது. சிற்பியின் கையும் அத்தகையதே. தெய்வத் திருமேனியைச் செதுக்குங்கால் அவன் மரபைப் போற்றி எச்சரிக்கையாக இருப்பான். போதிகையைச் செதுக்குங்கால் தன் காலத்தவனாக இருப்பான்.

இவ்வாய்வு 1914இல் பிரெஞ்சு மொழியில் கட்டடக்கலை, தெய்வ உருவக்கலை என இரு தொகுதிகளாகப் பாரிசில் வெளிவந்தது. கட்டடக்கலைப் பகுதியின் சுருக்கத்தை 1917இல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் ஆங்கிலத்தில் பதிப்பித்தார். பல்லவர் தொல்பொருள்கள் பற்றிய நூல் 1916இலும் 1918இலும் இரு பகுதிகளாக வந்தது. பல்லவர் வரலாற்றை வி. எஸ். சுவாமிநாத தீட்சிதர் ஆங்கிலமாக்கினார். மகேந்திரன் பாணி, மாமல்லன் பாணி, இராசசிம்மன் பாணி என்று இன்று நாம் இயல்பாகச் சொல்லும் தொடர்கள் இவ்வெழுத்துகள் வழியே நிலைபெற்றவை. சதுரமும் எண்பட்டையுமாக நிற்கும் கனத்த தூண் மகேந்திரனுடையது. அமர்ந்த சிங்கம் தாங்கும் மெல்லிய தூண் மாமல்லனுடையது. கற்களை அடுக்கிக் கட்டிய கோயிலும் பின்காலில் எழும் சிங்கமும் இராசசிம்மனுடையவை. மா. இராசமாணிக்கனார், மயிலை சீனி. வேங்கடசாமி முதலியோர் பல்லவரைப் பற்றித் தமிழில் எழுதப் புகுந்தபோது இவ்வடித்தளம் ஆயத்தமாக இருந்தது. கல்கியின் மகேந்திரரும் மாமல்லரும் வாசகர் நெஞ்சில் உலவத் தொடங்கியது அதன் பின்னரே.

கல்லோடு அவர் நின்றுவிடவில்லை. புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள சித்தன்னவாசல் குகையில் ஓவியம் உண்டு என்பதைத் து. அ. கோபிநாதராவ் வழியாக அறிந்து, அவற்றை உலகுக்கு எடுத்துரைத்தார். தாமரைக் குளமும் ஆடல் மகளிரும் தீட்டப்பட்ட அக்குகையை மகேந்திரவர்மன் காலத்தது என்றார். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதனைப் புதுக்கிய செய்தி கல்வெட்டால் விளங்கிய பின், இன்று காணப்படும் ஓவியங்களுள் பெரும்பகுதி 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது என்பது அறிஞர் கொள்கை. அவர் காலக்கணிப்புப் பிழைத்தது, கண்டது பிழைக்கவில்லை. 1931இல் காஞ்சிக் கைலாசநாதர் கோயில் திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் சிற்றாலயங்களுள், பிற்காலச் சுண்ணப்பூச்சு உதிர்ந்த இடங்களில் பல்லவர் கால வண்ணத்தைக் கண்டார். அதே ஆண்டு ஏப்பிரலில் எஸ். கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியத்தைக் கண்டறிந்தார். அசந்தாவுக்குப் பின் ஓவிய மரபு அற்றுப்போயிற்று என்று கருதியவர்களுக்கு, அது தெற்கே தொடர்ந்து வாழ்ந்தது என்று ஓராண்டுக்குள் இருமுறை விடை கிடைத்தது.

அவர் முறைக்கு எதிர்ப்பும் எழாமலில்லை. 1962இல் இரா. நாகசாமி, மாமல்லபுரத்துச் சின்னங்கள் அனைத்தும் இராசசிம்மன் ஒருவனின் படைப்பே என்று வாதிட்டார். பாணி வேறுபட்டால் காலமும் வேறுபட வேண்டும் என்பது துப்ரேய் வழி வந்தோரின் எடுகோள். பல பாணிகளை ஒருங்கே கையாளும் கற்பனை வளம் ஒரே மன்னனுக்கு இருந்திருத்தல் கூடும் என்பது நாகசாமியின் மறுப்பு. குயில்பாட்டை எழுதிய கையே நொண்டிச் சிந்தும் வசனகவிதையும் எழுதியது. பெயரழிந்துபோயிருந்தால் நாம் மூன்று பாரதியரை வகுத்திருப்போம் அல்லவா? அறிஞர் பலர் இன்றும் துப்ரேயின் வரிசையையே பெரும்பாலும் ஏற்கின்றனர். ஆயினும் அவ்வினா வலிமையுடையது. மேதையின் முன் வரிசைமுறை சற்றே தடுமாறத்தான் செய்யும்.

அவர் வாழ்வின் மற்றொரு பக்கத்தை நெடுங்காலம் பலரும் பேசாது விட்டனர். முதல் உலகப் போருக்குப் பிந்தைய பாரிசு கீழை நாட்டுச் சிற்பங்களைப் புதிய கண்ணோடு நோக்கிற்று. சிற்பி ரோடென், சென்னை அருங்காட்சியகத்து நடராசர் படிமங்களின் நிழற்படங்களைக் கண்டு உள்ளம் உருகி எழுதிய கட்டுரை 1921இல் வெளிவந்தது. அதுவரை மானிடவியல் பொருளாகப் பேழையில் கிடந்தவை கலைப்படைப்பாக மதிக்கப்பட்டன. மதிப்பு வந்ததும் விலையும் வந்தது. பாரிசில் பெருவணிகம் நடத்திய சி. டி. லூ என்னும் சீனர் தென்னிந்தியச் சிற்பங்களைத் தேடினார். அவருக்குக் கிடைத்த கண் துப்ரேயின் கண். 1925, 1926ஆம் ஆண்டுகளில் காஞ்சிபுரம் வட்டாரத்தில் துப்ரேய் சேகரித்து அனுப்பியவற்றுள் ஒரு யோகினியர் குழுவும் இருந்தது. 10ஆம் நூற்றாண்டைச் சார்ந்த, ஏறத்தாழ ஆளுயரமுள்ள தேவியர் அவர்கள். ஒரே கோயிலில், ஒருவரையொருவர் நோக்கியமர்ந்து, ஒரே கூட்டமாக வழிபடப் பெற்றிருக்க வேண்டியவர்கள். கலை வரலாற்றாசிரியர் பத்மா கைமல் 2012இல் வெளியிட்ட நூல் அவர்கள் பயணத்தை விரிவாக ஆராய்ந்துள்ளது.

அக்காலத்தில் இது அரிய செயலன்று. பிரிட்டிஷ் இந்தியாவில் 1904ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், இன்றைய கண்டிப்பு இல்லை; தொல்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் தனிச்சட்டம் 1947இல்தான் வந்தது. புதுச்சேரியோ பிரெஞ்சுக் கொடி பறந்த துறைமுகம். வழிபாடற்று, பாழடைந்து கிடந்த சிலைகளைக் காத்தார் என்று சொல்வோரும் உண்டு. அவ்வாதத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. நம் ஊர்களில் சிலைகள் துணி துவைக்கும் கல்லாய்க் கிடந்த கதைகளை யாரும் மறந்துவிட இயலாது. ஆயினும் வேறொரு கணக்கு எஞ்சுகின்றது. ஓர் உறுப்பு அதன் இடத்திலிருந்து பேசும்போதுதான் காலத்தைச் சொல்லும் என்று கற்பித்தவர் துப்ரேய். போதிகையைத் தூணிலிருந்தும், தூணை மண்டபத்திலிருந்தும் பிரித்துவிட்டால் அவருடைய அறிவியலே இல்லை. அந்த அறிவியலின் துணைகொண்டுதான் தேவியர் ஒவ்வொருவராய் இனங்காணப் பெற்றனர், பெட்டியில் அடுக்கப் பெற்றுக் கடல் கடந்தனர், தனித்தனியே விற்கப்பட்டனர். இதனைக் குறையென்று சொல்லாமல் அவர் பெருமையை மட்டும் எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

அவர் கண்டவை அனைத்தும் அயல்நாடு போயின என்பதும் பிழை. 1926இல் குண்டூர்ப் பகுதியில் கோலி என்னும் ஊரில் அவர் வெளிக்கொணர்ந்த பௌத்தத் தூபியின் சிற்பப் பலகைகள் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. 1937இல் அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளும், முகம் செதுக்கிய கல்லொன்றும் அவர் கைக்கு எட்டின. அம்முகத்தை உரோமப் பேரரசர் அகுசுதசின் முகமாகக் கருதினார். அந்த அடையாளம் ஐயத்துக்குரியதாயினும், மேட்டின்மீது அறிஞர் கவனம் திரும்ப அதுவே போதுமானதாயிற்று. மார்ட்டிமர் வீலர் 1945இல் அங்கே அகழ்ந்து, உரோம நாட்டுச் சாடிகளின் உடைசல்களைக் கொண்டு தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு காலக்கோட்டை வகுத்தார். பானையோட்டைக் கொண்டு காலம் சொல்லும் அவ்வித்தை, போதிகையைக் கொண்டு காலம் சொன்ன வித்தைக்கு உறவு. அவ்வாண்டிலேயே துப்ரேய் மறைந்தார். வயது 60.

பத்தாண்டுக்குப் பின், 1955இல், புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் தோன்றியது. அதன் ஆய்வாளர் தமிழகக் கோயில்களையும் சிலைகளையும் ஊர் ஊராய்ச் சென்று நிழற்படம் எடுத்தனர். களவுபோன சிலைகளின் தாயகத்தை மெய்ப்பிக்க அப்படங்கள் சான்றாகி வருகின்றன; விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரர் 2014இல் ஆசுதிரேலியாவிலிருந்து திரும்பியதற்கும் அத்தகைய பழம்படம் துணை நின்றது. காஞ்சி வட்டாரத்துத் தேவியர்க்கு அத்தகைய படம் இல்லை. அவர்கள் பாரிசு, இலண்டன், வாசிங்டன், டெட்ராய்ட், மினியாபொலிசு, கான்சசு நகரம், டொராண்டோ எனச் சிதறி அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் கூடியிருந்த கோயில் எது என்பது இன்றளவும் உறுதிப்படவில்லை.