மதிலைக் கடந்து மணல்வெளிக்கு

பிரயாணம் என்பது மனிதனின் குணத்தை உரைத்துப் பார்க்கும் கல். வீட்டில் மறைந்து கிடக்கும் கோபமும் கஞ்சத்தனமும் வழியில் வெளிப்பட்டுவிடும். உலகைச் சுற்றிய இப்னு பதூதா (ரஹ்) அவர்களின் இறுதிப் பெரும் பயணம் இதை நமக்கு நன்கு உணர்த்துகிறது.

ஹிஜ்ரி 703இல் (கி.பி. 1304) மொரோக்கோவின் தன்ஜா நகரில் பிறந்த அன்னார், 21ஆம் வயதில் ஹஜ்ஜை நாடித் தனியே புறப்பட்டார்கள். டில்லியில் காழியாக இருந்தார்கள். மாலத்தீவு, நமது மதுரை, சீனா எனப் பல நாடுகளைக் கண்டார்கள். 1349இல் தாயகம் திரும்பியபோது பெற்றோர் இருவரும் உயிருடன் இல்லை.

பின்னர் மதில் சூழ்ந்த ஃபாஸ் மாநகரில் சுல்தானிடம் விடைபெற்று, பாலைவன வாயிலான சிஜில்மாஸா சென்றார்கள். அங்கே அன்னாரை விருந்தினராக ஏற்ற மார்க்க அறிஞர், சீனாவில் அன்னார் சந்தித்த ஒருவரின் உடன்பிறந்தார்! ஒட்டகங்களும் அவற்றுக்கு நான்கு மாதத் தீனியும் வாங்கிக்கொண்டு, 1352 பிப்ரவரியில் வணிகர் கூட்டத்துடன் கிளம்பினார்கள்.

25 நாட்களுக்குப்பின் தகாஸா வந்தது. அங்கே வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டிருந்தன. கூரையோ ஒட்டகத் தோல். மரம் ஒன்றுகூட இல்லை. அதற்கப்பால் பத்து நாள் வழியில் தண்ணீர் அரிது.

தொடக்கத்தில் அன்னாரும் சிலரும் கூட்டத்துக்கு முன்னே சென்று, பிராணிகளை மேயவிடுவது வழக்கம். அக்கூட்டத்தில் இப்னு ஸீரி என்பவருக்கும் அவருடைய மாமன் மகனுக்கும் சச்சரவு மூண்டது. மனம் கசந்த இப்னு ஸீரி பின்தங்கி, வழி தவறிவிட்டார். கூலி கொடுத்து அடிச்சுவடு தேட ஆள் அனுப்பும்படி அன்னார் சொல்லியும் மாமன் மகன் மறுத்துவிட்டார். மறுநாள் மஸூஃபா கூட்டத்தவர் ஒருவர் கூலியின்றித் தாமே முன்வந்து தேடினார். பயனில்லை, போனவர் போனவரே. வேறொரு கூட்டத்திலிருந்து பிரிந்த ஒருவரின் மய்யித்தையும் வழியில் ஒரு செடியடியில் கண்டார்கள். கையில் சாட்டை அப்படியே இருந்தது. தண்ணீரோ ஏறத்தாழ ஒரு மைல் தூரத்தில்தான் இருந்தது! அதன்பின் அன்னார் முந்தவுமில்லை, பிந்தவுமில்லை.

அவர்களுக்கு வழிகாட்டியவருக்கு ஒரு கண் பார்வையில்லை. மறு கண்ணும் நோயுற்றது. ஆயினும் அவரைப்போல் அவ்வழி அறிந்தவர் இல்லை. அவரை நம்பிப் பின்சென்றவர்கள், சிஜில்மாஸாவிலிருந்து இரண்டு மாதங்களில் வலாத்தா சேர்ந்தனர்.

மாலி நாட்டில் அன்னாரைக் கவர்ந்தவை பல. ஜும்ஆவுக்கு நேரத்தோடு செல்லாதவருக்கு இடம் கிடைக்காது. ஆகவே முஸல்லாவை முன்னரே பணியாளிடம் கொடுத்தனுப்பி இடம் பிடிப்பார்கள். ஒரே பழஞ்சட்டை உள்ளவரும் அதைத் துவைத்து அணிந்தே வருவார். வெளியூரார் இறந்தால் அவர் பொருளை யாரும் தொடமாட்டார்கள். உரியவர் வரும்வரை நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கும். குர்ஆனை மனனம் செய்யாத பிள்ளைகளுக்கு விலங்கிடுவதையும் கண்டார்கள். அந்தக் கடுமை நமக்கு வேண்டாம். அந்த அக்கறை வேண்டும்.

1354இல் ஃபாஸ் திரும்பிய அன்னார் கண்டவற்றைச் சொல்ல, இப்னு ஜுஸை எழுதினார். 1355இல் அந்நூல் நிறைவுற்றது.

சகோதர சகோதரிகளே! பாகத் தகராறிலும் சம்பந்தப் பேச்சிலும் மனம் கசந்து பின்தங்கிய ஓர் உறவினர் நம் குடும்பத்திலும் இருக்கலாம். மாமன் மகன் மறுத்த அந்தக் கூலியை, ஒரு ஸலாம் சொல்லும் சிறு செலவை, நாமும் மறுக்கிறோமா? அடிச்சுவடு மறையுமுன் தேடிச் செல்வோம். வல்ல அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.